பழைய கார் ஏ.சி.: காஸ் ஏற்றுமுன் காரணத்தைக் கேளுங்கள்!

கோடை வந்தால் பழைய கார் வைத்திருப்பவர்களின் பணம் எங்கே வீணாகிறது? மெக்கானிக்கிடம் எதைக் கேட்க வேண்டும், எந்த வேலைக்குத் தயங்காமல் கூலி கொடுக்க வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டும்?

மார்ச் பிறந்துவிட்டால் போதும். சென்னை, மதுரை, கோவை, திருச்சி என்று எந்த ஊரானாலும் ஏ.சி. ஒர்க்‌ஷாப் வாசலில் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து வயதான சான்ட்ரோ, ஆல்டோ, வேகன்-ஆர், இண்டிகா என்று அந்த வரிசை நீளும். வண்டிக்காரர் சொல்வது பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: "கூலிங் வரலை, காஸ் ஏத்திடுங்க."

பணம் வீணாவது இந்த வாசகத்தில்தான் தொடங்குகிறது. ஏ.சி. காஸ் ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளல்ல. மூடிய குழாய்களுக்குள் திரும்பத் திரும்பச் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் ஆண்டுக்கணக்கில் மிகச் சிறிதளவு வெளியேறலாம், அது இயல்பு. போன கோடையில் ஏற்றிய காஸ் இந்தக் கோடைக்குள் காலியாகிவிட்டது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அதை அடைக்காமல் காஸ் ஏற்றுவது ஒவ்வொரு வருடமும் அதே செலவுக்கு நாமே ஒப்புக்கொள்வதாகும்.

இந்தச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய காரை ஓட்டுபவர்களில் பலர், சொந்த வண்டியில் டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவர்கள், பென்ஷனில் வாழ்பவர்கள், வயதான பெற்றோரை டயாலிசிஸுக்கும் செக்கப்புக்கும் அழைத்துச் செல்பவர்கள். கத்திரி வெயிலில் அவர்களுக்கு ஏ.சி. ஆடம்பரம் இல்லை. அவர்களுடைய ஒவ்வொரு ஆயிரமும் சரியான இடத்தில் செலவாக வேண்டும்.

பெட்டிக்குள் நடப்பது என்ன?

கம்ப்ரசர் காஸை அழுத்திச் சூடாக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குத் தள்ளி, காஸைத் திரவமாக்குகிறது. டிரையர் அந்தத் திரவத்திலுள்ள ஈரத்தை உறிஞ்சி, தூசியை வடிகட்டுகிறது. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளையைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் திரவம் ஆவியாகி, உள்ளே உள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிளோயர் அந்தக் குளிரை நம் முகத்துக்கு அனுப்புகிறது.

இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது ஒன்றுதான்: கூலிங் இல்லை. ஆனால் காரணம் சில பத்து ரூபாய் ஓ-ரிங்காக இருக்கலாம், பத்தாயிரத்தைத் தாண்டும் கம்ப்ரசராகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதில்தான் உங்கள் பணம் தப்புவதும் தப்பாததும் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப் போகுமுன் நீங்களே பார்க்கலாம்

கோளாறு எப்போது வருகிறது, எப்படி வருகிறது என்று கவனியுங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

ஓடும்போது நல்ல கூலிங், சிக்னலில் நின்றால் வெக்கை என்றால் காஸைச் சந்தேகிக்குமுன் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஏ.சி. போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். ஃபேன் மோட்டார், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றில் ஒன்று போயிருக்கலாம். கண்டென்சரில் மண்ணும் பூச்சியும் அடைத்திருந்தாலும் இதே கதைதான். தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சிக் கழுவினாலே கூலிங் திரும்பிவிடும் வண்டிகள் உண்டு. வேகமான பிரஷர் வாஷ் வேண்டாம். கண்டென்சரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

முதல் அரை மணி நேரம் அருமையான குளிர், பிறகு காற்றே குறைந்துவிடுகிறது, ஏ.சி.யை நிறுத்திச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மீண்டும் வருகிறது என்றால், கூலிங் காயில் மேல் ஐஸ் படிகிறது. காயில் அளவுக்கு மீறிக் குளிராமல் கம்ப்ரசரை நிறுத்த வேண்டிய சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மற்ற ஸ்பீடுகளில் காற்று வராமல் கடைசி ஸ்பீடில் மட்டும் வந்தால், பிளோயர் ரெசிஸ்டர் போயிருக்கிறது. அதற்குப் புது பிளோயர் மோட்டார் தேவையில்லை. காற்றே மந்தமாக இருந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டினால், வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. காஸ் எல்லாம் சரியாக இருந்தும் காற்று வெதுவெதுப்பாக வந்தால், ஹீட்டர் வால்வ் அல்லது உள்ளே இருக்கும் காற்றுக் கதவு முழுதாக மூடாமல் சூடு கலக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏ.சி. பட்டனை அழுத்தியதும் கம்ப்ரசர் பக்கமிருந்து 'டக்' என்று கிளட்ச் பிடிக்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் இவற்றில் தொடங்குங்கள். காஸ் மிகக் குறைந்துபோயிருந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓடவிடாது. கம்ப்ரசர் சேதமாகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அந்த சுவிட்சை நேரடியாக இணைத்து ஓட்டிக் காட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கேஜ் சொல்வதும் சொல்லாததும்

மெக்கானிக் நீலம், சிவப்பு மீட்டர்களை மாட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நீலம் தாழ் அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். ஏ.சி. ஓடும்போது நம் ஊர் வெயிலில் நீல முள் ஏறக்குறைய 30 முதல் 45 பி.எஸ்.ஐ. வரையிலும், சிவப்பு முள் 200-ஐத் தாண்டியும் நிற்பது இயல்பு.

இரண்டுமே குறைவு என்றால் காஸ் குறைவு. இரண்டுமே அதிகம் என்றால் கண்டென்சரில் சூடு வெளியேறவில்லை, அல்லது யாரோ காஸை அதிகமாக ஏற்றியிருக்கிறார். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் நெருங்கி நின்றால் கம்ப்ரசருக்குத் தெம்பில்லை. நீலம் பூஜ்யத்துக்கும் கீழே போனால் எக்ஸ்பான்ஷன் வால்விலோ டிரையரிலோ அடைப்பு. இந்த நான்கையும் தெரிந்து வைத்துக்கொண்டு, "ரெண்டு மீட்டரும் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். கேள்வியே உரையாடலை மாற்றிவிடும்.

ஆனால் கேஜை வைத்துக் காஸின் அளவைச் சொல்ல முடியாது. 35 டிகிரி வெயிலில், இன்ஜின் ஓடாமல் நிற்கும் காரில், கேஜ் சுமார் 110 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 400 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் அதே எண்தான். உள்ளே கொஞ்சமேனும் திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே தவிர அளவு அல்ல. ஆகவேதான் காஸை எடை போட்டு ஏற்ற வேண்டும். சிறிய கார்களுக்கு 350 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். சின்ன வண்டியில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கூலிங்கில் வித்தியாசம் தெரியும். "கொஞ்சம் கூடுதலா போட்டா நல்லா ஜில்லுனு இருக்கும்" என்பது உண்மையல்ல. காஸ் கூடினால் அழுத்தம் ஏறும், கூலிங் குறையும், கம்ப்ரசர் சீக்கிரம் போகும்.

லீக்கைத் தேடுவதே முதல் வேலை

லீக் பெரும்பாலும் சில இடங்களில்தான் இருக்கும். குழாய் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்குகள், காஸ் ஏற்றும் வால்வின் பின், கல் அடிபட்ட கண்டென்சர், கம்ப்ரசரின் ஷாஃப்ட் சீல், அரித்துப்போன கூலிங் காயில். காஸுடன் கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தே வெளியேறுவதால், எண்ணெய்ப் பிசுக்குடன் தூசி ஒட்டியிருக்கும் இணைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

"வேக்யூம் போட்டேன், முள் அப்படியே நின்னுச்சு, லீக் இல்லை" என்று சொன்னால் அதை முடிவாக ஏற்காதீர்கள். வேக்யூம் போடும்போது குழாயின் மேல் உள்ள அழுத்த வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.க்கும் குறைவு. ஓடும்போது அதே குழாய் 200-க்கு மேல் தாங்க வேண்டும். வேக்யூமில் மூடிக்கொள்ளும் துளை, அழுத்தத்தில் திறந்துகொள்ளும். நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சாதாரண ஏர் கம்ப்ரசர் காற்றை ஏற்றக் கூடாது. அதில் ஈரம் இருக்கும். ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. ஆயிலுடன் சேர்ந்தால் வெடிக்கும்.

நுண்ணிய லீக் என்றால் புற ஊதா ஒளியில் மிளிரும் சாயத்தைச் செலுத்தி, சில நாட்கள் ஓட்டிவிட்டு விளக்கடித்துப் பார்க்கலாம்.

கூலிங் காயிலில் லீக் என்று சொல்லி டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்றால், முதலில் ஆதாரம் கேளுங்கள். இன்று கார்களில் உள்ள ஆர்-134ஏ காஸ், காற்றைவிடக் கனமானது. காயிலில் கசிந்தால் அது கீழே தங்கி, வடிகால் குழாய் வழியாக இறங்கும். எலெக்ட்ரானிக் லீக் டிடெக்டரின் முனையை அந்தக் குழாயின் வாயில் வைத்தாலே தெரிந்துவிடும். டாஷ்போர்டைக் கழற்றும் கூலி, பல கார்களில் காயிலின் விலையை நெருங்கிவிடும். கழற்றி மாட்டிய பிறகு கடகடவென்று சத்தம் வருவதும் உண்டு. மாருதி 800 போன்ற பழைய மாடல்களில் கூலிங் யூனிட் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் தனிப் பெட்டியாக இருப்பதால் முழு டாஷ்போர்டையும் கழற்றத் தேவையில்லை. எஸ்டிமேட் கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

லீக் தேட ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ ஆகும். இந்த உழைப்புக்கு மெக்கானிக் தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். இந்தக் கூலியைக் கொடுக்க நாம் தயங்குவதால்தான் பல மெக்கானிக்குகள் தேடாமலே காஸை ஏற்றி அனுப்புகிறார்கள்.

குறுக்கு வழியில்லாத நான்கு வேலைகள்

லீக்கை அடைத்த பிறகு செய்ய வேண்டியவை நான்கு. இவற்றில் எதையும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒன்று, டிரையர். சிஸ்டத்தைத் திறந்துவிட்டால் டிரையரை மாற்றிவிட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சி நிறைந்துவிடும். அந்த ஈரம் காஸுடனும் ஆயிலுடனும் சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே அலுமினியத்தை அரிக்கும்.

இரண்டு, வேக்யூம். குறைந்தது அரை மணி நேரம் பம்ப் ஓட வேண்டும். அழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தில் நான்கு சதவீதத்துக்கும் கீழே கொண்டுபோனால் 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே தங்கிய ஈரம் வெளியேறுவது இப்படித்தான். ஐந்து நிமிடம் போட்டால் போதாது.

மூன்று, ஆயில். கசிந்த காஸ் ஆயிலையும் கொண்டுபோயிருக்கும். போன அளவைக் கணித்து, கம்ப்ரசருக்கு உரிய ரகத்தையே ஊற்ற வேண்டும். ஆர்-134ஏ கார்களில் பெரும்பாலும் பி.ஏ.ஜி. ஆயில். பல வருடங்கள் வெறும் காஸ் மட்டும் ஏற்றி வந்த காரில் கம்ப்ரசர் தேய்ந்துபோவதற்கு ஆயில் குறைவும் ஒரு முக்கியக் காரணம்.

நான்கு, எடை. சிலிண்டரைத் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் ஏற்ற வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கம்ப்ரசர் போச்சு என்றால்

ஏ.சி. வேலையில் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். "கம்ப்ரசர் மாத்தணும்" என்று சொன்னதும் மூன்று விஷயங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கரகர என்ற சத்தம் ஏ.சி.யை நிறுத்தினாலும் கேட்கிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் புல்லி பேரிங். அதை மட்டும் மாற்றலாம். வண்டி சூடேறிய பிறகு மட்டும் கிளட்ச் பிடிக்காமல் போகிறதா? கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் இடையே அரை மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி இருக்க வேண்டும். தேய்மானத்தால் அது அகன்றுவிட்டால், சூடான கிளட்ச் காயிலால் தட்டை இழுக்க முடியாது. உள்ளே உள்ள மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்துச் சரிசெய்ய முடியும். ஷாஃப்ட் சீலில் மட்டும் லீக் என்றால், பல கம்ப்ரசர்களுக்கு சீல் தனியாகக் கிடைக்கும்.

இவை எல்லாம் இல்லாமல் உள்ளே தேய்ந்து உலோகத்தூள் பரவியிருந்தால், கம்ப்ரசரை மாற்றத்தான் வேண்டும். அப்போது கம்ப்ரசரை மட்டும் மாற்றினால் போதாது. டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் இரண்டையும் மாற்றி, குழாய்களை ஃபிளஷ் செய்ய வேண்டும். நுண்குழாய்கள் கொண்ட இன்றைய கண்டென்சரை முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது என்பதால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். பழைய தூள் உள்ளேயே இருந்தால் புதுக் கம்ப்ரசரும் அதே வழியில் போகும்.

எங்கே வாங்குவது, எதை வாங்குவது?

கார் கம்பெனிகள் ஏ.சி. பாகங்களைப் பெரும்பாலும் வேறு கம்பெனிகளிடமிருந்தே வாங்குகின்றன. மாருதிக்கு சப்ரோஸ், ஹூண்டாய்க்கு முன்னர் ஹல்லா என்ற பெயரில் இருந்த ஹனான், மற்றும் டென்சோ, சான்டன், வேலியோ போன்றவை. அதே பாகம் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் வந்தால், கார் கம்பெனி பெட்டியில் வருவதைவிடப் பெரும்பாலும் விலை குறைவு. சென்னை ஜி.பி. ரோட்டிலோ உங்கள் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலோ கம்பெனி பெயரையும் பாக எண்ணையும் சொல்லி விலை கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; அதற்கு முன் பல பாகங்களுக்கு 28 ஆக இருந்தது. பழைய விலைப் பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கம்ப்ரசர் வாங்குகிறீர்களா? அதன் வாய்கள் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தபடி கிடந்தது என்றால் ஈரமும் தூசியும் ஏறியிருக்கும். முன் தட்டைக் கையால் சுற்றினால் சீராகச் சுற்ற வேண்டும். உள்ளே உள்ள ஆயில் கறுப்பாகவோ மினுமினுக்கும் தூளுடனோ இருந்தால் வேண்டாம். கூலிங் காயில், டிரையர், ஓ-ரிங் ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே வாங்காதீர்கள்.

காஸிலும் போலி

சந்தை விலையைவிட மிகக் குறைவாகக் காஸ் ஏற்றித் தருகிறேன் என்றால் எச்சரிக்கை. சிலர் சமையல் காஸ் வகை ஹைட்ரோகார்பனைக் கலக்கிறார்கள். அது கூலிங் தரும், ஆனால் எளிதில் பற்றி எரியும். மெத்தில் குளோரைடு கலந்த போலி இன்னும் மோசம். அலுமினியத்துடன் வினைபுரிந்து காற்றுப் பட்டாலே தீப்பற்றும் பொருளை உண்டாக்கும். 2011-இல் குளிரூட்டப்பட்ட கப்பல் கொள்கலன்கள் வெடித்து மூன்று பேர் இறந்ததற்கு இத்தகைய கலப்படம்தான் காரணம் என்று சொல்லப்பட்டது. சீல் உடையாத சிலிண்டரையோ கேனையோ உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள்.

1990-களில் வந்த கார் என்றால் ஆர்-12 காஸில் ஓடியிருக்கலாம். ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி வளரும் நாடுகளிலும் 2010-க்குள் அந்தக் காஸ் ஒழிக்கப்பட்டது. அத்தகைய வண்டியை ஆர்-134ஏவுக்கு மாற்றும்போது ஆயில், டிரையர், ஓ-ரிங் மூன்றையும் மாற்ற வேண்டும்.

எவ்வளவு செலவழிக்கலாம்?

பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காரின் பதிவை, தகுதிச் சோதனைக்குப் பிறகு ஐந்து ஐந்து வருடங்களாகப் புதுப்பிக்கலாம். வண்டியை விற்கப் போகிறீர்களா, இன்னொரு ஐந்து வருடம் ஓட்டப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இன்ஜினும் பாடியும் நன்றாக இருந்து, வண்டியை வைத்துக்கொள்வதானால், ஏ.சி.யை ஒரே முறையில் முறையாகச் செய்துவிடுவதே சிக்கனம். அடுத்த வருடமே விற்பதானால், லீக்கை அடைத்து, டிரையர் மாற்றி, காஸ் ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வண்டியை விடுமுன் கேட்க வேண்டியவை

• லீக் எங்கே? எனக்குக் காட்ட முடியுமா?
• இரண்டு கேஜிலும் என்ன எண் வந்தது?
• கழற்றும் பழைய பாகங்களைத் திரும்பத் தருவீர்களா?
• டிரையர் மாற்றம், வேக்யூம், ஆயில் எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா?
• எத்தனை கிராம் காஸ் என்று பில்லில் எழுதித் தருவீர்களா?
• பாகத்துக்கும் வேலைக்கும் எத்தனை மாத வாரன்டி?

வேலை முடிந்ததும் நடுவில் உள்ள வென்ட்டில் ஒரு சாதாரண தெர்மாமீட்டரை வையுங்கள். உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓட்டினால், வெளி வெயிலைவிட 15 முதல் 20 டிகிரி குறைவாகக் காட்ட வேண்டும். அந்த எண்ணையும் தேதியையும் பில்லின் பின்புறம் எழுதி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அது உதவும்.

ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாற்றாத பாகத்துக்குப் பணம் வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. பில்லும் பழைய பாகமும் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஆர்-134ஏ பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு வீரியமானது. கசிந்துபோகும் 400 கிராம், அரை டன்னுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தப்படி இந்த வகைக் காஸ்களின் பயன்பாட்டை இந்தியா 2028-இல் கூடாமல் நிலைப்படுத்தி, 2032 முதல் குறைக்க வேண்டும். இனி வரும் வருடங்களில் காஸ் மலிவாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

ஆகவே இந்தக் கோடையில் ஏ.சி. ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கும்போது "காஸ் ஏத்திடுங்க" என்று சொல்லாதீர்கள். "லீக்கைக் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அந்த வேலைக்கு என்ன கூலியோ வாங்கிக்குங்க" என்று சொல்லுங்கள். கண்டுபிடிப்பதற்குக் கொடுக்கும் கூலிதான் ஏ.சி. பில்லிலேயே மிகவும் மலிவானது.